பெட்டி சுமந்தவர்களும் வீதியில் நின்றவர்களும்

போன மாதம் நாங்கள் கூடின நேரம் எங்களில் ஒருத்தர் ஃபோனில் ஒரு படத்தை எடுத்து, தலைப்பை விரலால் மறைச்சுக்கொண்டு, எல்லாருக்கும் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கூட்டம், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருவரையொருவர் இடிச்சுத் தள்ளிக்கொண்டு எதையோ பார்க்க முண்டுகிறார்கள். ஒரு பொடியன் நேரே கமராவைப் பார்க்கிறான், முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. பின்னுக்கு நிற்கிற பிள்ளைகள் கழுத்தை நீட்டுகிறார்கள். நடுவில் ஒரு பெண் மட்டும் வாய் கோணி அழுகிறார்.

"என்னத்தைப் பார்க்கினம்?" எண்டு கேள்வி. சேர்க்கஸ் எண்டு ஒருத்தர் சொன்னார். சண்டை எண்டு இன்னொருத்தர். யாரோ பெரிய நடிகர் வந்திருக்கிறார் எண்டும் ஒரு ஊகம் வந்தது. பிறகு விரலை எடுத்தார். படத்தின் தலைப்பு "அவர்களின் முதலாவது கொலை". 1941 ஒக்டோபர், நியூயோர்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி. ஒரு சின்னச் சூதாட்டக்காரனை வீதியில் சுட்டுப் போட்டிருக்கிறார்கள். அழுகிற பெண் அவனின் உறவுக்காரி. பிணம் படத்துக்குள் இல்லை, எங்கட பக்கத்தில், கமராவின் காலடியில் கிடக்கிறது.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு வாக்குவாதம் தொடங்கிச்சு. இது நல்ல படமா, மானங்கெட்ட வேலையா? உறவுக்காரி அழுதுகொண்டு நிற்கிற நேரம் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கிறவன் எப்படிப்பட்ட ஆள்? செத்தவர்களின் படங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி வெறும் கலைக் கேள்வியாக இருக்க ஏலாது. அந்த வாக்குவாதம் அண்டைக்கு முடியவில்லை. அதுக்குப் பிறகு நாங்கள் வாசிச்சதும் தேடினதும்தான் இந்தக் கட்டுரை.

படத்தை எடுத்தவர் வீஜி. அவருடைய படங்களின் மிகப் பெரிய தொகுதி நியூயோர்க்கில் இருக்கிற சர்வதேச ஒளிப்பட நிலையத்தில் இருக்கிறது. ஐசிபி என்று சுருக்கிச் சொல்வார்கள். அது நூதனசாலையும் பள்ளிக்கூடமும் சேர்ந்த ஒரு இடம். ஒரு மாடியில் படங்களைத் தொங்கவிடுவார்கள், இன்னொரு மாடியில் படம் எடுக்கப் படிப்பிப்பார்கள். இந்த இடம் எப்படி உண்டானது என்ற கதை வீஜியிடமிருந்து தொடங்கவில்லை. அது ஒரு தம்பியிடமிருந்து தொடங்குகிறது.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில், தையல் தொழில் செய்த ஒரு யூதக் குடும்பம். பிரீட்மன் என்பது குடும்பப் பெயர். 1913இல் பிறந்த எந்த்ரே பதினேழு வயதில் அரசியல் காரணமாக நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. முதலில் பேர்லின், ஹிட்லர் வந்தபிறகு பாரிஸ். பாரிஸில் அவருக்குக் கேர்டா தாரோ அறிமுகமானார். அவரும் ஜேர்மனியில் இருந்து தப்பி வந்த யூதப் பெண், அவருக்கும் அது இயற்பெயர் இல்லை. அகதிப் பெயர்களில் படம் விற்பது கஷ்டம் என்று கண்ட இரண்டு பேரும் 1936இல் ஒரு வேலை செய்தார்கள். "ரொபர்ட் கப்பா" என்ற பணக்கார அமெரிக்கப் படப்பிடிப்பாளரைக் கற்பனையில் உருவாக்கி, அவருடைய படங்கள் என்று சொல்லி விற்றார்கள். கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டது. பெயர் மட்டும் எந்த்ரேயோடு நின்றுவிட்டது.

அதே வருசம் தம்பி கோர்னெலும் பாரிஸுக்கு வந்தார். 1918இல் பிறந்தவர், வைத்தியராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர். வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்தது இருட்டறை வேலை. அண்ணனின் படச்சுருள்களையும், அண்ணனின் கூட்டாளிகளான சிம், கார்த்தியே பிரெசோன் ஆகியோரின் சுருள்களையும் கழுவிப் பிரதி போட்டுக் கொடுத்தார். 1937இல் நியூயோர்க்குக்குப் போய் 'லைஃப்' சஞ்சிகையின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் பார்த்ததைத் தன் கையால் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறதுதான் அவருடைய முதல் தொழில். பின்னாளில் அவர் செய்ததெல்லாம் அந்த வேலையின் நீட்சிதான் என்று எங்களுக்குப் படுகிறது.

பிறகு சாவுகள் வரத் தொடங்கின. 1937 ஜூலையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கேர்டா தாரோ தாங்கியில் நசிபட்டு இறந்தார். இருபத்தேழாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள்தான் இருந்தன. 1954 மே 16, கோர்னெலின் நண்பர் வேர்னர் பிஷோப், பெரு நாட்டு மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்து. ஒன்பது நாள் கழித்து, மே 25, அண்ணன் ரொபர்ட், வியட்நாமில் பிரெஞ்சுப் படையோடு போன இடத்தில் மிதிவெடியில் கால் வைத்து. வயது நாற்பது. 1956 நவம்பரில் சிம், சுயெஸ் கால்வாய்ப் பக்கத்தில், போர்நிறுத்தம் வந்து நாலு நாளைக்குப் பிறகு, சூடு பட்டு.

ஒரு மனிதரின் சொந்தக்காரரும் கூட்டாளிகளும் இப்படி வரிசையாகப் போனால் அவரிடம் மிஞ்சுவது என்ன? கோர்னெலிடம் மிஞ்சினது பெட்டிகள். நெகட்டிவ்கள், பிரதிகள், கடிதங்கள். லைஃப் படப்பிடிப்பாளர் வேலையை விட்டுவிட்டு அண்ணன் தொடங்கின மக்னம் நிறுவனத்தில் சேர்ந்தார். சில வருசம் அதுக்குத் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவருடைய மனதை அரித்தது வேறு விசயம். படப்பிடிப்பாளர் செத்தால் அவருடைய படம் எங்கே போகும்? சஞ்சிகை அடுத்த கிழமை குப்பைக்குப் போகும். கலை நூதனசாலைக்காரர் அழகான பிரதியைத்தான் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான சாதாரண நெகட்டிவ்களை யார் வைத்திருப்பது?

1966இல் அவர் ஒரு நிதியம் தொடங்கினார். அடுத்த வருசம் நியூயோர்க்கில் 'அக்கறையுள்ள படப்பிடிப்பாளர்' என்ற கண்காட்சி. ரொபர்ட், சிம், பிஷோப், விமான விபத்தில் இறந்த டான் வைனர் ஆகியோரோடு, உயிரோடு இருந்த கெர்தேஸ், லெனர்ட் பிரீட் ஆகியோரின் படங்களும் இருந்தன. அக்கறை என்ற அந்தச் சொல் கோர்னெலின் அடையாளமாகவே போய்விட்டது. மனிதருடைய துன்பத்தைப் பார்க்கிறவன் அதில் ஈடுபட்டவனாக இருக்க வேண்டும், படம் எதையாவது மாற்ற முயல வேண்டும் என்ற நம்பிக்கை அது.

ஆனால் அதே 1967இல், அதே நகரத்தில், நவீன கலை நூதனசாலையில் இன்னொரு கண்காட்சி நடந்தது. பெயர் 'புதிய ஆவணங்கள்'. டயான் ஆர்பஸ், லீ பிரீட்லாண்டர், கரி வினோகிராண்ட் என்று மூன்று பேர். ஒழுங்கு செய்தவர் ஜோன் சார்கோவ்ஸ்கி. இவர்களுக்கு உலகத்தைத் திருத்துகிற எண்ணம் இல்லை, அதை அறிந்துகொள்வதுதான் நோக்கம் என்பது அவருடைய வாதம். வீதியில் நின்று, போகிற வருகிற ஆக்களை, கடைக் கண்ணாடியில் விழுகிற நிழலை, ஒரு காரணமும் சொல்லாமல் படம் எடுப்பது. இன்றைக்கு 'ஸ்ட்ரீட் போட்டோகிராபி' என்று இன்ஸ்டாகிராமில் நாங்கள் எல்லாரும் செய்கிற வேலைக்கு மதிப்பு வந்ததில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரே வருசத்தில், ஒரே நகரத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்று அக்கறைப்படு என்கிறது. மற்றது சும்மா பார் என்கிறது. பிற்காலத்தில் இரண்டு வகைப் படங்களும் ஐசிபியின் கூரைக்குக் கீழேயே வந்து சேர்ந்தது இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த முரண்.

நிலையம் 1974 நவம்பரில் திறந்தது. இடம் ஐந்தாம் அவெனியூ, 94ஆம் வீதி மூலை. நியூயோர்க்கின் பணக்காரத் தெரு. பழைய செங்கல் மாளிகை ஒன்று, அதுக்கு முதல் பறவை பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் தலைமையகமாக இருந்தது. தொடக்கத்தில் இருந்தே நூதனசாலையும் வகுப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கோர்னெல் நின்றார். படம் எடுக்கப் படிக்கிற பிள்ளை கழுவின கையோடு மேல்மாடிக்குப் போய்ப் பெரியவர்கள் எடுத்த மூலப் பிரதியைப் பார்க்கலாம். பிறகு இரண்டும் நகரத்தின் நடுப்பகுதிக்குப் போய், வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சில காலம் பிரிந்தும் இருந்தன. 2020 ஜனவரியில்தான் லோவர் ஈஸ்ட் சைட் பகுதியில், எசெக்ஸ் வீதி 79ஆம் இலக்கத்தில், திரும்பவும் ஒரே கட்டடத்துக்கு வந்தன.

பள்ளிக்கூடமும் காட்சியும் வீதியும் ஒன்று என்ற யோசனை கோர்னெலுடையது மட்டும் இல்லை. அதுக்கு முதலே நியூயோர்க்கில் ஒரு சங்கம் அதைச் செய்து, அதுக்காகவே அழிந்தும் போனது. போட்டோ லீக் என்பது பெயர். 1936இல் தொடங்கினது. உறுப்பினர்களில் கனபேர் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், இடதுசாரிகள். குறைந்த காசுக்கு இருட்டறை, குறைந்த காசுக்கு வகுப்பு. சிட் குரோஸ்மன் என்ற ஆசிரியர் மாணவர்களைத் தங்கட அயலிலேயே போய்ப் படம் எடுத்து வரச் சொல்லுவாராம், திட்டுகிறதிலும் பேர் போனவர். மாதக்கணக்கில் ஒரே தெருவைப் பின்தொடர்ந்து எடுத்தார்கள். சங்கத்தின் சின்ன மண்டபத்தில் படங்களை மாட்டி வைத்து, எல்லாருமாக இருந்து கிழிகிழியென்று விமர்சித்தார்கள்.

1947 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட 'விசுவாசமற்ற' அமைப்புகளின் பட்டியலில் போட்டோ லீக்கின் பெயரும் வந்தது. இரண்டு வருசத்தில் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்த பெண், தான் இவ்வளவு காலமும் சங்கத்துக்குள் இருந்த உளவாளி என்று வெளிப்படுத்தினார். தன்னைச் சேர்த்தது குரோஸ்மன் என்றும் சொன்னார். சஞ்சிகைகள் வேலை கொடுக்கப் பயந்தன. பயத்தில் ஆக்கள் விலகினார்கள். 1951இல் சங்கம் மூடப்பட்டது. குரோஸ்மன் 1955இல் இறந்தார். தெருவில் பிள்ளைகள் சோக்கட்டியால் கீறி விளையாடுகிறதைப் படம் எடுத்த ஆக்கள் நாட்டுக்கு ஆபத்து என்று ஒரு அரசு நினைத்திருக்கிறது! கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீதியில் நின்றதுக்காக விசாரிக்கப்பட்ட எங்கட நாட்டு ஆக்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1967 கண்காட்சியில் கோர்னெல் சேர்த்துக்கொண்ட டான் வைனர் இந்தச் சங்கத்தில் இருந்து வந்தவர்தான்.

1941இல் இதே போட்டோ லீக் மண்டபத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. தலைப்பு: 'கொலைதான் என்ர தொழில்'. வைத்தவர் வீஜி. இப்ப அவரிட்ட வருவம்.

வீஜி என்பதும் பட்டப்பெயர். இன்றைய உக்ரேனில் இருக்கிற ஸ்லோச்சிவ் ஊரில் 1899இல் பிறந்து, பத்து வயதளவில் கப்பலேறி வந்த பிள்ளை. குடும்பம் லோவர் ஈஸ்ட் சைட்டின் நெரிசல் குடியிருப்புகளில் இருந்தது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டுப் பல வேலை பார்த்தார். அதில் ஒன்று, ஒரு மட்டக்குதிரையை வாடகைக்கு எடுத்து, தெருப் பிள்ளைகளை அதில் ஏற்றிப் படம் எடுத்துத் தாய்மாருக்கு விற்பது. பிறகு ஒரு செய்திப்பட நிறுவனத்தின் இருட்டறையில் பல வருசம். கோர்னெலைப் போல இவரும் இருட்டறையில் இருந்து வந்தவர்தான், பாருங்கோ.

1935இல் தனியாகத் தொழில் தொடங்கினார். பொலிஸ் தலைமையகத்துக்குப் பின்பக்கம் ஒரு அறையில் குடியிருந்தார். 1938இல் காருக்குள் பொலிஸ் வானொலி வைக்க அனுமதி எடுத்தார். சில வேளை பொலிசுக்கு முதல் அவர் போய் நின்றார். காரின் பின்பெட்டிக்குள் பிளாஷ் பல்புகள், தட்டச்சு இயந்திரம், சுருட்டு, மாற்று உடுப்பு. இரவெல்லாம் கொலை, தீ விபத்து, கைது. விடியப் பத்திரிகைகளுக்கு விற்பனை. படங்களின் பின்பக்கத்தில் 'புகழ்பெற்ற வீஜி' என்று இறப்பர் முத்திரை குத்துவார். அடக்கம் எண்ட சாமானே ஆளிட்ட இல்லை.

அவருடைய வேறு ஒரு படம் இன்னும் பிரபலம். 1943 நவம்பர், ஒபெரா அரங்கின் வாசல். உடம்பெல்லாம் வைரமும் வெள்ளை உரோமமுமாக இரண்டு பணக்காரச் சீமாட்டிகள் வருகிறார்கள். பக்கத்தில் கலைந்த தலையோடு ஒரு ஏழைப் பெண் அவர்களை முறைத்துப் பார்க்கிறார். போர்க்காலம், ஊரெல்லாம் பங்கீடு. ஒரு நொடியில் அகப்பட்ட வர்க்க முரண்பாடு என்று பல வருசம் இந்தப் படத்தைப் புகழ்ந்தார்கள். பிற்காலத்தில் வீஜியின் உதவியாள் சொன்ன கதை வேறு. வீஜி முதலே திட்டம் போட்டு, பௌவரி வீதியின் சம்மி மதுச்சாலையில் வழமையாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு வைன் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். கார் வந்து நின்ற நேரம் அவரைத் தள்ளிவிட்டார்களாம். முழு நெகட்டிவைப் பார்த்தால் பக்கத்தில் வேறு ஆக்களும் நிற்கிறார்கள். மூன்று பெண்களும் மட்டும் மிஞ்சுகிற மாதிரி வெட்டினது பிறகு.

எங்களில் பாதிப் பேருக்கு இதோடு வீஜி மேல் இருந்த மரியாதை போச்சு. மற்றப் பாதி, அவர் காட்டின வர்க்க முரண்பாடு உண்மைதானே, ஆளைக் கூட்டிவந்தால் என்ன எண்டு கேட்டது. நாங்கள் முதல் பக்கம்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு போத்தல் வைனும் ஒரு முறைப்பும்தான் கிடைத்தது. சீமாட்டிகளின் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அவருடைய பெயர் ஒன்றிலும் இல்லை. ஏழைக்காகப் பேசுகிற படம் என்றால் ஏழையின் பெயர் எங்கே?

வீஜி 1968இல் இறந்தார். அவரோடு வாழ்ந்த வில்மா வில்கொக்ஸ் ஒரு சமூக சேவையாளர். ஆயிரக்கணக்கான பிரதிகளும் நெகட்டிவ்களும் குவிந்து கிடந்த வீட்டை இருபத்தைந்து வருசம் காத்தார். 1993இல் அவருடைய உயிலின்படி முழுத் தொகுதியும் ஐசிபிக்குப் போனது. சுமார் 20,000 படங்கள். புகழ்பெற்ற வீஜிக்கு முத்திரை இருந்தது. வில்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அந்தப் பெட்டிகளைக் குப்பைக்காரனிடம் கொடுத்திருந்தால் புகழும் அதோடு போயிருக்கும். முழு நெகட்டிவைப் பார்த்து "இது வெட்டின படம்" என்று நாங்கள் இன்றைக்குக் குற்றம் சாட்டவும் ஏலாமல் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. தனிப் படம் ஒரு வாதம். பெட்டி சாட்சி. படப்பிடிப்பாளர் எதைச் சொல்ல விரும்பினாரோ அதைப் படம் சொல்லும். அவர் சொல்ல விரும்பாததையும் பெட்டி வைத்திருக்கும்.

ரோமன் விஷ்னியாக்கின் கதையும் அப்படித்தான். 1930களின் பிற்பகுதியில் கிழக்கு ஐரோப்பிய யூதக் கிராமங்களைப் படம் எடுத்தவர். அந்த ஆக்களில் பெரும்பாலானவர்கள் பிறகு கொல்லப்பட்டுவிட்டார்கள். 1983இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் உருக்கமான குறிப்புகள் இருந்தன. ஐசிபியில் வேலை செய்த ஆய்வாளர் ஒருவர் நெகட்டிவ்களை ஒழுங்காகப் பார்த்தபோது, சில குறிப்புகள் படத்தோடு பொருந்தவில்லை, சில கதைகள் பிறகு சோடித்தவை என்று தெரிய வந்தது. சங்கடமான விசயம். கொல்லப்பட்ட ஒரு சமூகத்தின் நினைவுச் சின்னமாக இருக்கிற படங்களில் போய்ப் பிழை பிடிக்கிறதா என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். நிலையம் அதை மூடி மறைக்கவில்லை. வோஷிங்டனில் இருக்கிற இன அழிப்பு நினைவு நூதனசாலையோடு சேர்ந்து நெகட்டிவ்களை ஸ்கான் பண்ணி இணையத்தில் போட்டு, இதில் இருக்கிற ஆக்களை, இடங்களை அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ என்று உலகத்தைக் கேட்டது. சோடித்த கதை கழன்று விழுந்த இடத்தில் உண்மையான பெயர்கள் வந்து சேரக்கூடிய வழி அது. சேகரிப்பைப் பகிர்கிறது என்றால் எங்களுக்கு இதுதான் அர்த்தம்.

கோர்னெலுக்கும் ஒரு பெட்டி கடன் இருந்தது. 1939இல் ரொபர்ட் பாரிஸை விட்டு ஓடினபோது ஸ்பெயின் போர் நெகட்டிவ்கள் அவருடைய ஸ்ருடியோவிலேயே நின்றுவிட்டன. இருட்டறைக்குப் பொறுப்பாக இருந்த சிக்கி வைஸ் என்ற ஹங்கேரிய நண்பர், ஜேர்மன் படை வந்துகொண்டிருந்த நேரம், அவற்றை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போர்தோ துறைமுகத்துக்கு வெளிக்கிட்டார். மெக்சிக்கோ போகிற கப்பலில் ஏற்றலாம் என்ற நினைப்பு. வழியில் சிலி நாட்டுக்காரர் ஒருவரைச் சந்தித்து, உங்கட தூதரகத்தில் கொடுத்து வையுங்கோ என்று கேட்டு ஒப்படைத்தார். வைஸ் பிடிபட்டு மொரோக்கோவில் தடுப்பு முகாமில் இருந்தார். பெட்டிகள் காணாமல் போயின.

1975இல் வைஸ் இதையெல்லாம் கோர்னெலுக்குக் கடிதமாக எழுதினார். தேடல் பல வருசம் நடந்தது. கடைசியில் பெட்டிகள் மெக்சிக்கோ நகரத்தில் வெளிப்பட்டன. போர்க்காலத்தில் பிரான்சில் மெக்சிக்கோத் தூதராக இருந்த ஒரு ஜெனரலின் உடைமைகளுக்குள் கிடந்து, உறவினர் கைகள் மாறி வந்திருந்தன. 1990களில் தொடங்கின பேச்சு இழுபட்டு, திரிஷா சிஃப் என்ற ஆவணப்பட இயக்குநர் நடுவில் நின்று, 2007 டிசம்பரில் மூன்று அட்டைப்பெட்டிகளும் ஐசிபிக்கு வந்தன. 126 சுருள், சுமார் 4,500 நெகட்டிவ். மூடியின் உள்பக்கத்தில் கட்டம் கட்டி, எந்தக் குழியில் எந்தச் சுருள் என்று கையால் எழுதின பட்டியல். அப்போது கோர்னெலுக்கு 89 வயது. ஐந்து மாதத்தில், 2008 மேயில், அவர் இறந்துபோனார். சிக்கி வைஸ் அதே 2007இன் தொடக்கத்தில் இறந்துவிட்டார். பெட்டி வந்தது அவருக்குத் தெரியாது.

திறந்தபோது எல்லாரும் தேடினது ஒரே ஒரு நெகட்டிவ். ரொபர்ட்டின் 'விழுகிற போராளி' படம், குண்டு பட்டுச் சாய்கிற அந்த மனிதன். அது உண்மையா சோடிப்பா என்று பல தசாப்தமாக நடக்கிற சண்டைக்கு விடை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. அது பெட்டிக்குள் இருக்கவில்லை. இருந்தது வேறு. கேர்டா தாரோவின் சுருள்கள், சிம்மின் சுருள்கள். இவ்வளவு காலமும் கப்பாவின் படம் என்று அச்சான சில படங்களை எடுத்தது தாரோ என்று நிறுவ முடிந்தது. கப்பா என்ற பெயரை உண்டாக்கினதில் பாதிப் பங்கு அந்தப் பெண்ணுடையது. அந்தப் பெயருக்குக் கீழேயே அவர் எழுபது வருசம் புதைந்து கிடந்திருக்கிறார்.

வீதிக்குத் திரும்பி வருவம். ஏனென்றால் பெட்டி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், படத்தில் அகப்பட்ட ஆளின் சம்மதம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

1938க்கும் 1941க்கும் இடையில் வோக்கர் எவன்ஸ் கோட்டுக்குள் கமராவை ஒளித்து வைத்து, பொத்தான்களுக்கு இடையால் நியூயோர்க் சுரங்க ரயில் பயணிகளைப் படம் எடுத்தார். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட அவர் 1966 வரை காத்திருந்தார். முகங்கள் மாறட்டும் என்று விட்ட அந்த இருபத்தைந்து வருசம் ஒரு வகை மரியாதை என்று எங்களில் சிலர் நினைக்கிறோம். களவு களவுதான் எண்டு மற்றவர்கள்.

பிலிப் லோர்கா டிகோர்சியா வேறு மாதிரி. 1999 தொடக்கம் டைம்ஸ் ஸ்குவெயரில் மேலே ஒளி விளக்குகளைக் கட்டிவிட்டு, தூரத்தில் நின்று, கீழே நடந்து போகிறவர்களின் தலைகளை எடுத்தார். அதில் ஒருவர் மதப்பற்றுள்ள ஒரு வயதான யூதர். தன் உருவம் பிரதி ஒன்று இருபதாயிரம் டொலருக்கும் மேல் விற்கப்படுகிறது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தன்னுடைய மத நம்பிக்கைக்கு இது விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம், இது கலை, வணிக விளம்பரம் இல்லை, கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று வழக்கைத் தள்ளியது. மேல் நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை, வழக்குப் போடுகிற காலக்கெடு முடிந்துவிட்டது என்றது. சட்டப்படி சரி. சட்டம் சரி எண்டதாலே அந்த முதியவரின் மனக்குறை இல்லாமல் போகுமா?

2020இல் கொரோனாவுக்காக உலகம் பூட்டப்பட்ட நேரம் ஐசிபி ஒரு ஹாஷ்டாக்கைக் கொடுத்து, எந்த நாட்டில் இருந்தும் யாரும் படம் அனுப்பலாம் என்றது. வந்ததில் தெரிவு செய்ததைச் சுவரில் ஒட்டிக் கண்காட்சி வைத்தார்கள். ஹாஷ்டாக்கில் இருந்த சொல் கோர்னெலின் பழைய சொல்தான், அக்கறை. நிலையத்தின் ஐம்பதாவது வருசமான 2024இல் வீதிப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. பல நாட்டுத் தெருக்கள், தங்கட தெருவைத் தாங்களே எடுத்த ஆக்கள். இதெல்லாம் நடக்கிற எசெக்ஸ் வீதி, வீஜியின் குடும்பம் வந்து இறங்கின அதே லோவர் ஈஸ்ட் சைட்டில்தான் இருக்கிறது. அதுக்கு முதல் சில வருசம் நூதனசாலை இருந்த பௌவரி வீதிக் கட்டடம், அந்தப் பெயர் தெரியாத பெண்ணைக் கூட்டிவந்த சம்மி மதுச்சாலை இருந்த இடத்துக்கு அநேகமாக எதிர்ப்பக்கம்.

எங்கட நாட்டுக் கதை ஒரு வரியில் சொல்லலாம். இந்தத் தீவின் மிகச் சிறந்த படப்பிடிப்பாளர் என்று சொல்லப்படுகிற லயனல் வென்ட் 1944இல் இறந்தபிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அது கொழும்பில், போரில்லாத வீட்டில் நடந்தது. இடப்பெயர்வுகளில் எங்கட வீடுகளில் இருந்து போன அல்பங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, உங்கட அம்மம்மாவைக் கேளுங்கோ.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிற நேரம், மூடின ஒரு ஸ்ருடியோவின் நெகட்டிவ்கள் எங்களிட்ட வந்திருக்கு. பிஸ்கற் ரின் மூன்று. நடத்தினவரின் மகள் தந்தவர், "வச்சிருந்து என்ன செய்யிறது தம்பி, பூஞ்சணம் பிடிக்குது" எண்டு. பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த முகங்கள், நடுவிலே சில கலியாணம், ஒரு சாமத்தியச் சடங்கு, ஒரு சைக்கிள் கடைத் திறப்பு. இணையத்தில் போடுவமா, போடக்கூடாதா எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை. இந்த முகங்களில் சிலர் உயிரோடு இருக்கினம், சிலர் இல்லை, சிலரை வீட்டுக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கினம். முதலில் அயலில் இருக்கிற பெரியாக்களிட்டக் கொண்டுபோய்க் காட்டி, பெயர் கேட்டு எழுதுறது எண்டு மட்டும் தீர்மானம். முதல் ரின்னின் மூடிக்குள் வெள்ளைத் தாள் ஒட்டிக் கட்டம் கீறியாச்சு. இப்போதைக்குப் பதினொரு கட்டத்தில் பெயர் இருக்கு.